சத்தம் அடங்கிய கியர்ப்பெட்டி

மகனே,

இவ்விடம் யாவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போயிற்று. அப்படித் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. நலமில்லாதவன் நலம் என்று எழுதினால் அதற்குக் கீழே எழுதுவது எதுவும் உண்மையாக வராது. ஆகவே சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை, தோட்டத்துக்கு வாடகை ஓட்டம் பேசியிருந்தாலும், அந்தக் காரை நீ மலைத்தோட்டத்துக்கு எடுக்காதே. ரூத்தையும் அவள் அம்மையையும் அதில் ஏற்றாதே. உன் மாமனார் எவ்வளவு சொன்னாலும், தோட்டத்திலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டாலும் எடுக்காதே. அந்த வண்டியின் கியர்ப்பெட்டிக்குள் என்ன கிடக்கிறது என்பது உனக்குத் தெரியாது. அதை வாங்கி உனக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்த உன் மாமனாருக்கும் தெரியாது. அவருக்கு விற்ற வியாபாரிக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நான் போன ஞாயிற்றுக்கிழமை உன் முகத்துக்கு நேரே எல்லாம் சரி என்று சொல்லி உன்னை அனுப்பி வைத்தேன்.

இன்று வெள்ளி. நீ நெய்யூரில் உன் மனைவி ரூத்தின் வீட்டுக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது. இந்த ஐந்து நாளும் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. வடசேரியில் நம் மோட்டார் ஷெட்டில் ஒரு லாரி அவிழ்த்துப் போட்டபடி கிடக்கிறது. ஒரு நட்டைக் கழற்றுவேன், வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பேன், திரும்பி வந்து எந்த நட்டைக் கழற்றினேன் என்று தேடுவேன். நெய்யூர்ப் பக்கத்திலிருந்து பஸ் வந்து நின்றால் இறங்குகிறவர்கள் முகத்தை எல்லாம் பார்க்கிறேன். யாராவது என்னிடம் வந்து, உம்முடைய மகனுக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று இருக்கிறது. நீ இன்னும் சமதரையில்தான் ஓட்டிக்கொண்டிருப்பாய், திங்கட்கிழமை வரைக்கும் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சமாதானம் ஒரு பீடி பிடித்து முடிகிற நேரம்கூட நிற்பதில்லை. நான் பீடியை விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று என்று உனக்குத் தெரியும். நேற்று மறுபடி வாங்கிவிட்டேன். உன் அம்மையிடம் சொல்லாதே என்று எழுதலாம் என்றால், அவளுக்கு மூக்கு இருக்கிறது.

அந்த வண்டியை நான் எப்படி அடையாளம் கண்டேன் என்று சொல்கிறேன். கோயிலில் உனக்குத் தாலிகட்டு முடிந்து, ஜெபம் முடிந்து வெளியே வந்ததும் உன் மாமனார் என் தோளில் கை போட்டு, “உமக்க மகனுக்கு நான் குடுக்கதைப் பாரும்” என்று காட்டினார். கறுப்புப் பெயின்டு பளபளக்க, முன்னால் தென்னங்குருத்துத் தோரணமும் மல்லிகைச் சரமுமாக நின்றது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. நீங்கள் இருவரும் பின்னால் ஏறினீர்கள். என்னை முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து கீழே பார்த்தேன். கியர்த்தண்டின் தலையில் எருமைக்கொம்பில் கடைந்த குமிழ் ஒன்று இருந்தது. அதன் இடது பக்கத்தில் கட்டைவிரல் பதிகிற இடத்தில் ஒரு குழி. மகனே, அந்தக் குமிழைக் கடைந்தவன் நான். அந்தக் குழி என் கட்டைவிரல் விழுந்த குழி. டிரைவர் அதைப் பிடித்து முதல் கியரில் போட்டான். சத்தமே இல்லை. வெளியே நின்ற உன் மாமனாரின் சிநேகிதர்கள் கை தட்டினார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. கல்யாண வெயில் என்று யாரோ விசிறி கொடுத்தார்கள்.

நான் முன்னால் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டினேன் என்பது உனக்குத் தெரியும். வயல்காரர், நல்ல மனிதர், என்னை லே என்று கூப்பிட்டாலும் தன்னோடு உட்காரவைத்துச் சோறு போட்டவர். அவருடைய கார் அப்போது பச்சை நிறம். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே கியர்ப்பெட்டிக்கு அடியிலிருந்து எண்ணெய் சொட்டும். பெரிதாக ஒன்றுமில்லை, வண்டி நின்ற இடத்தில் காலையில் பார்த்தால் ஒரு தோசைக்கல் அகலத்துக்குக் கறுப்பாக இருக்கும். கார்ப்புரைத் தரை அப்போதுதான் சிமென்டு பூசியது. முதலாளியின் மனைவி தினமும் வந்து பார்த்து மூஞ்சியைச் சுளிப்பார். நான் ஒரு பழைய சட்டியில் மணல் போட்டுக் கீழே வைத்தேன். கியர்ப்பெட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு துளை உண்டு, அதற்கு ஒரு திருகாணி மூடி உண்டு, கால்வைக்கும் பலகையைத் தூக்கினால் கை எட்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பலகையைத் தூக்க நாலு திருகு, மூடியைத் திறக்க ஒரு ஸ்பானர்ச் சாவி, கையெல்லாம் பிசுக்கு. நான் கண்டுபிடித்துக்கொண்ட சுலப வழி வேறு. கீழே சொட்டுகிறதா? அப்படியானால் உள்ளே எண்ணெய் இருக்கிறது. சட்டியைப் பார்த்தால் போதும், பெட்டியைப் பார்க்கவேண்டாம். இப்படி ஒரு சாஸ்திரம் வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். மற்ற டிரைவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன், அது வேறு.

பங்குனி மாசம் ஒரு நாள் சட்டி காய்ந்து கிடந்தது. மறுநாளும் சொட்டு இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. ஓடிப்போய், “மொதலாளி, ஒழுக்கு தன்னால அடைஞ்சு போச்சு” என்றேன். அவர் எழுந்து வந்து சட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். “ஒனக்க கைக்கு ஒரு ராசி உண்டு, கேட்டியா” என்றார். முதலாளியின் மனைவி அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரம் வீட்டு ஜெபத்தில் நான் இதற்கும் சேர்த்து ஸ்தோத்திரம் சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்கலாம். என்ன ஒழுக்கு என்று நீ கேட்டாய், உன் அம்மை கண்ணைத் திறக்காமலே உன் தொடையில் கிள்ளினாள். பெட்டிக்குள் ஒழுகுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்பதால்தான் ஒழுக்கு நின்றது என்பது ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்குப் புரியவில்லை. நல்ல சேதியாக இருந்தால் நான் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறவன் இல்லை. இந்தக் குணம் உனக்கு வரவில்லை, உன் அம்மை புண்ணியம்.

அடுத்த வாரம் முதலாளியைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போனேன். தக்கலை தாண்டும்போதே கீழேயிருந்து ஒரு முனகல். குழித்துறை ஏற்றத்தில் அது அழுகையாயிற்று. கருகுகிற வாடை வந்தது. முதலாளி என்னலே வாடை என்று கேட்டார். யாரோ சுண்ணாம்புக் காளவாய் போட்டிருக்கிறார்கள் என்றேன். அப்படி ஒரு காளவாய் அந்தப் பக்கத்தில் நான் கண்டதே கிடையாது. திரும்பி வந்து சேர்ந்த பிறகு, ஒருவரும் இல்லாதபோது பலகையைத் தூக்கி மூடியைத் திறந்து விரலை விட்டேன். இரண்டாம் கணு வரைக்கும் போயிற்று. விரல் நனையவில்லை. பெட்டி சூட்டில் விரல் பொரிந்தது, நுனியில் வெள்ளிப்பொடி போல மினுமினுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அது பல்சக்கரத்தின் பல் தேய்ந்த பொடி. அவசரமாக எண்ணெய் வாங்கி ஊற்றினேன். ஆனால் தேய்ந்த பல் எண்ணெய் ஊற்றினால் வளருமா? வண்டி அன்றிலிருந்து ஊளையிடத் தொடங்கியது. வருவது எங்கள் கார் என்று வடசேரி முழுக்கத் தெரிந்துவிடும்.

முதலாளி அதை விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்று தீர்மானித்தார். வாங்க வருகிறவன் ஊளையைக் கேட்டால், பெட்டியைத் திறந்து பார்ப்பான். பார்த்தால், எண்ணெய் இல்லாமல் ஓட்டியவன் எவன் என்ற கேள்வி வரும். என் கைராசியைப் புகழ்ந்தவர் முன்னால் நான் நிற்கவேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் இவ்வளவும் செய்தேன். வண்டித் தரகன் ஒருவன் என் முழியைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். “ஓய், இதுக்கா இந்தப் பாடு? ரெண்டு செரட்டை அறுப்புத்தூள எண்ணெயில கொழச்சு உள்ள தள்ளும். பூனை மாதிரி போவும். வித்து முடியுத வரைக்கும் ஒருத்தருட்டயும் பறையாண்டாம்” என்றான். நான் மரம் அறுக்கிற இடத்துக்குப் போய் அயனி மரத்தூளாகப் பார்த்து, சலித்து, மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். சலித்தேன் என்பதைக் கவனி. அரைகுறையாகக்கூடச் செய்யவில்லை, மனசு வைத்துச் செய்தேன். புன்னைக்காய் எண்ணெயில் பிசைந்து களி போல ஆக்கி, துளை வழியாக விரலால் தள்ளித் தள்ளி அடைத்தேன். சிரட்டையில் இரண்டு சரியாகப் பிடித்தது. வண்டியை எடுத்தேன். பூனையேதான். முதலாளி நான் பெட்டியைப் பழுது பார்த்துவிட்டேன் என்று நினைத்து எனக்கு ஒரு கரைபோட்ட வேட்டி எடுத்துக் கொடுத்தார். உன் கல்யாணத்தன்று நான் உடுத்தியிருந்தது அந்த வேட்டிதான். வேண்டுமென்று உடுத்தவில்லை, என்னிடம் இருப்பதில் நல்லது அது.

வாங்கின வியாபாரி கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் காரை வெளியே எடுப்பவர். மற்ற நாளெல்லாம் ஓலைப்புரையில் மூடி வைத்திருப்பார். அதனால்தான் அந்தக் களி இத்தனை நாளும் உள்ளே இருந்திருக்கிறது. அதிகம் ஓடாத வண்டி, சத்தமில்லாத வண்டி என்று நம்பி உன் மாமனார் வாங்கியிருக்கிறார். கல்யாணத்தன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “சத்தமே இல்லாத வண்டி, கண்டீரா? அதக் கேட்டுத்தான் நான் எடுத்தேன்” என்றார் நாலு தரம். நாலு தரமும் தலையாட்டினேன். முதலாளி இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் சொல்லவேண்டியது சொல்லாமலே போயிற்று. சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், மறுநாள் சோறு போட்டிருப்பார்.

இப்போது உன்னைப் பற்றிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எழுந்து போய் ஒரு தரம் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நான் மரத்தூள் அடைத்த அதே மாசத்தில்தான் உனக்கு பஸ் வேலை போயிற்று. நீ சேர்ந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. இராஜாக்கமங்கலத்தில் பஸ்ஸைத் திருப்பும்போது பின்பக்கம் ஓடைப்பாலத்துக் கல்லில் இடித்துவிட்டது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பஸ் காலி, ரோட்டில் ஆளில்லை. நீயாகக் குனிந்து பார்த்து, அடியில் பாரம் தாங்குகிற வில்பட்டை விண்டிருக்கிறது என்று கண்டு, நேரே பஸ் முதலாளியிடம் போய்ச் சொன்னாய். அவர் அன்றைக்கே உன்னை நிறுத்திவிட்டார். நான் ஓய்வு நேரத்தில் வேலை பார்த்த ஷெட்டுக்கு நீ வந்தாய். நான் நாலு பேருக்கு முன்னால் உன்னைப் பார்த்து, “லே, கண்டவன் ஒருத்தனும் இல்ல. நீ எதுக்குலே வலியப் போயி வாயத் தொறந்த? அறிவு உண்டாலே ஒனக்கு?” என்று கேட்டுச் சிரித்தேன். நின்றவர்களும் சிரித்தார்கள். நீ கோபப்படவில்லை. “நான் கண்டேன்லா அப்பா” என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அன்று என் நகத்துக்குள் மரத்தூள் இருந்தது மகனே. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். உன்னைத் திட்டியது உனக்கு வேலை போனதற்காக என்று நீ நினைத்திருப்பாய். அதற்காக இல்லை. நான் செய்யமுடியாததை நீ செய்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாய், அதைத் தாங்க முடியவில்லை.

அதையெல்லாம்விட மோசமானது போன ஞாயிறு. கோயில் முடிந்து சாப்பிட்டு, நீயும் ரூத்தும் மறுவீட்டுக்குப் புறப்படுகிறீர்கள். உன் மாமனாரும் கூட்டிப்போக வந்திருக்கிறார். நீ மட்டும் வண்டியைச் சுற்றி வந்தாய், டயரைத் தட்டினாய், என்னைக் கூப்பிட்டாய். “அப்பா, கியர்ப்பெட்டி எண்ணெய் மட்டம் ஒருக்கப் பாக்கணும். நீங்க ஒரு வெரலு வச்சுப் பாத்தாப் போதும், எனக்கு சமாதானமாக்கும்.” நீ புது உடுப்பில் இருந்தாய், கை அழுக்காகும் என்று நானே பலகையைத் தூக்கினேன். மூடியைத் திறந்து விரலை விட்டேன். நான் வைத்தது அப்படியே இருந்தது. இறுகி, பழஞ்சோற்றுக் கஞ்சி அடியில் தங்கின மாதிரி, விரலுக்கு வழிவிடாமல் இருந்தது. மேலாக மட்டும் கொஞ்சம் எண்ணெய். விரலை வெளியே எடுத்ததும் நீ பார்ப்பதற்கு முன்னால் கந்தலில் துடைத்துவிட்டேன். “எல்லாம் சரியாக்கும் மக்கா. போயிட்டு வா” என்றேன். நீ கேள்வியே கேட்கவில்லை. உன் அப்பன் விரலை வைத்துப் பார்த்தபிறகு உனக்கு என்ன கேள்வி? உன் மாமனார், “அப்பன் பாத்தாச்சுலா, இனி எஞ்ச வேணும்னாலும் போலாம்” என்றார். சம்பந்தி வீட்டார் நாலுபேர் நிற்கிறார்கள், புதுப்பெண் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், இந்த நேரத்திலா இதை அவிழ்ப்பது என்று என் மனசு ஆயிரம் நியாயம் சொன்னது. அத்தனையும் முன்பு முதலாளி வீட்டில் சொன்ன நியாயங்கள்தான்.

சமதரையில் இது உன்னைக் காட்டிக்கொடுக்காது. மலையில் காட்டிக்கொடுக்கும். இறக்கத்தில் நீ இரண்டாம் கியரில் போட்டு, வண்டியை அதன் பிடியில் விட்டு இறக்குவாய், அப்படித்தான் நான் சொல்லித் தந்திருக்கிறேன். பல் தேய்ந்த பெட்டியில் பாரம் ஏறினால் கியர் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். பிறகு வண்டிக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமில்லை. சக்கரத்து பிரேக் ஒன்றை நம்பி ஒரு பக்கம் பள்ளத்தாக்கான ரோட்டில் நீ இறங்கவேண்டும். தேய்ந்த பெட்டி ஊளையிட்டு ஓட்டுகிறவனுக்குச் சொல்லிவிடும். நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

இனி ஒரு பெட்டியையும் எவன் வாயைக் கேட்டும் நம்பாதே. வண்டி கொஞ்சதூரம் ஓடி வந்ததும் சமமான தரையில் நிறுத்து, எஞ்சினை அணை. ஒரு சாயா குடிக்கிற நேரம் பொறு, உள்ளே தெறித்த எண்ணெய் எல்லாம் கீழே இறங்கட்டும். மூடியைச் சுற்றிலும் துடைத்த பிறகு திற, ஒரு மணல் உள்ளே விழுந்தால் அது பல்லைத் தின்னும். சுண்டுவிரலைக் கொக்கி மாதிரி மடக்கி விடு. துளையின் கீழ் விளிம்பில் எண்ணெய் தட்டவேண்டும். தட்டவில்லை என்றால் குறைவு. ஊற்றப்போகிற எண்ணெய் டின்னை முதலிலேயே வெயிலில் வை, கெட்டி எண்ணெய் இளகட்டும். பைய ஊற்று. அவசரப்பட்டால் மேலே நிரம்பின மாதிரி காட்டும், பிறகு அமுங்கும். துளை வழியாக அது தானாக வழியும்போது நிறுத்து, வழிவது நின்றதும் மூடியைப் போடு. அளவுக்கு மேல் ஊற்றி மூடினால் தண்டு வழியாகக் கசிந்து கிளச்சில் போய் ஏறும், அது வேறு தொல்லை. கையில் வந்த எண்ணெயைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார். கருப்பட்டிப் பாகு மாதிரி வழுக்கினால் நல்லது. மினுங்கினால் பல் தேய்கிறது. முகர்ந்து பார், கருகல் இருந்தால் வண்டியை எடுக்காதே. கியர் எண்ணெய் கிடைக்கவில்லை என்று புன்னைக்காய் எண்ணெயையோ ஆமணக்கெண்ணெயையோ கலக்காதே, அது ஒன்றோடு ஒன்று சேராமல் பிசினாகிவிடும். சொட்டு விழுந்துகொண்டிருந்தால் ஒழுக்கை அடை. சொட்டு நின்றுவிட்டால் உடனே பெட்டியைத் திற. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நீ மறந்தாலும் நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

இது வரை எழுதி, நெய்யூர் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடலாம் என்று கவரில் போட்டு ஒட்டினேன். மத்தியானம் சாப்பிடப் போனேன். உன் அம்மை சோற்றை வைத்துவிட்டு என் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். “அஞ்சு நாளாட்டு நானும் பாக்கேன். இருக்கியளும் எழும்புதியளும். என்னத்த மறைக்கிய?” என்றாள். சொன்னேன். சிரட்டை, தூள், ஞாயிற்றுக்கிழமை விரல் எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “அவன் வேலையக் களஞ்சிட்டு வந்து நின்னப்ப நீங்க சிரிச்சியளே, அண்ணு எனக்குச் சிரிப்பு வரல்ல” என்றாள். சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டு, “அந்தக் கடுதாசிய பஸ்காரங்கையில குடுத்துட்டு நீங்க இஞ்ச இருப்பியளா?” என்று கேட்டாள். “அவன் மாமனாருக்க முன்ன அந்தக் கடுதாசிய அவனே வாசிச்சுக் காட்டணுமா? எனக்க அப்பன் செய்த வேலையாக்கும்ணு எனக்க புள்ள பறையணுமா?” என்றாள். பிறகு எழுந்து போய், எனக்கு நாளைக்கு உடுக்க வேட்டி எடுத்து வைத்தாள். கரைபோட்டதை எடுக்கவில்லை. ஷெட்டுக்குப் போடுகிற பழசை எடுத்து வைத்தாள்.

ஆகவே கவரைக் கிழித்து, இந்த மிச்சத்தையும் எழுதுகிறேன். இதை நானே கொண்டுவருகிறேன். நாளை சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருவேன். சாவிகள், ஒரு பழைய வாளி, ஒரு டின் மண்ணெண்ணெய், ஒரு டின் நல்ல கியர் எண்ணெய் எல்லாம் சாக்கில் கட்டி வைத்தாயிற்று. வாயால் சொல்ல எனக்கு வராது. வந்தால் பாதியில் வேறு கதைக்குத் தாவிவிடுவேன், என்னை உனக்குத் தெரியும். அதனால் வந்ததும் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு நான் வண்டிக்கு அடியில் போய்விடுவேன். நீ இதை வாசிக்கிற நேரத்தில் நான் அடியில் இருக்கிற திருகாணியைத் திறந்து எல்லாவற்றையும் வாளியில் இறக்கிக்கொண்டிருப்பேன். அது எண்ணெயாக ஒழுகாது, கட்டி கட்டியாக விழும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நல்ல எண்ணெய் ஊற்றியபிறகு வண்டி ஊளையிடும். நன்றாக ஊளையிடட்டும். ரூத் பயந்தால், இதுதான் இந்த வண்டியின் சொந்தக் குரல் என்று சொல். வேறு பல்சக்கரம் வரவழைத்து நானே மாட்டித் தருகிறவரைக்கும் மலை வேண்டாம். தோட்டத்து ஓட்டம் உன் கையைவிட்டுப் போகலாம். போனால் அது என்னால் போனது, உன்னால் அல்ல. ஒரு வேலை போவதைத் தாங்க உனக்குத் தெரியும்.

உன் மாமனார் சத்தம் கேட்டு வெளியே வருவார். வாளியைப் பார்ப்பார். இது எவன் செய்த வேலை என்று கேட்பார். நீ வாயைத் திறக்காதே. எனக்காக ஒரு வார்த்தை பேசாதே. நான் அடியிலிருந்து வெளியே வந்து, எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டாமல் சொல்லவேண்டும். அவர் என்னை என்ன சொன்னாலும் நீ குறுக்கே வராதே. இதைக் கண்டவர் எவரும் உண்டா என்று அவர் கேட்டால், நான் கண்டேன் என்று சொல்ல எனக்கு இப்போது தெரியும். அதை நீதான் சொல்லித் தந்தாய், நான் சிரித்தேன்.

எல்லாம் முடிந்து புது எண்ணெய் ஊற்றியதும் நான் துளையை மூடமாட்டேன். திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். மட்டம் சரியாக இருக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டேன். உன் விரலை நீ விட்டுப் பார்.

உன் அப்பன்